ஆளுநரை நீக்கினால் பற்றாக்குறை நீங்குமா? கலிஃபோர்னியா, 2003

தணிக்கையாளன்

2003 அக்டோபர் 7 அன்று கலிஃபோர்னிய மக்கள் ஆளுநர் கிரே டேவிஸைப் பதவிக்காலத்தின் நடுவிலேயே வாக்களித்து நீக்கினார்கள். நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் திரைப்பட நடிகர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஆளுநரான கதையாகவே அது முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கதையில் நாட்டமில்லை. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்தே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், அந்த மாநிலத்தின் கஜானாவுக்கு அப்போது என்ன ஆனது என்பதையே பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்க மாநில ஆளுநர் டெல்லியிலிருந்து நியமிக்கப்படும் நம் ஆளுநரைப் போன்றவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டேவிஸ் 1998இல் வென்றார், 2002 நவம்பரில் மீண்டும் வென்றார். பதினோரே மாதங்களில் பதவி போனது.

காரணமாகச் சொல்லப்பட்டது 3,820 கோடி டாலர் பற்றாக்குறை. அது எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியாவின் பொது நிதி பெருமளவு தனிநபர் வருமான வரியை நம்பியிருக்கிறது. அந்த வரியிலும் ஏறத்தாழப் பாதியை, பங்குச்சந்தை உச்சத்தில் இருந்த நாட்களில், வருமானத்தில் மேல்வரிசையில் உள்ள நூற்றில் ஒருவர் கட்டினார்கள். இணைய நிறுவனங்களின் பங்குகள் விண்ணைத் தொட்ட 2000-01 நிதியாண்டில் பங்கு விற்பனை ஆதாயத்தின் மீதும், ஊழியர்களுக்குத் தரப்பட்ட பங்குகளின் மீதும் கிடைத்த வரி மட்டும் சுமார் 1,700 கோடி டாலர். சந்தை சரிந்ததும் இரண்டே ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. வேறு யார் ஆளுநராக இருந்திருந்தாலும் இந்தப் பள்ளம் விழுந்தே தீரும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆட்களை நீக்குவதற்கான கருவியை எடுத்து, ஒரு வரி அமைப்பின் கோளாறைச் சரிசெய்ய முயன்றார்கள். டேவிஸுக்கு நேர்ந்தது அநீதி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

சான்ஹோசேக்காரர்

ஐயா, மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. அந்த ஆண்டுகளில் சிலிக்கான் பள்ளத்தாக்கில்தான் வேலை பார்த்தேன். விசாவில் இருந்ததால் வாக்குரிமை இல்லை. ஆனால் நடந்தவற்றின் சுமை வாக்குரிமை உள்ளவர், இல்லாதவர் என்று பார்த்து இறங்கவில்லை.

2001இல் அலுவலகம் அலுவலகமாக ஆட்களை வெளியே அனுப்பினார்கள். வேலை போனால் விசாவும் போகும் என்பதால் எங்களில் பலர் வீட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். இதற்கு டேவிஸ் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. மக்கள் கோபப்பட்டது வேறு ஒன்றுக்காக.

2002 நவம்பர் 5 தேர்தல். பிரசாரம் முழுவதும் நிதிநிலைமை கட்டுக்குள் இருப்பதாகவே டேவிஸ் காட்டிக்கொண்டார். தேர்தல் முடிந்து சில வாரங்களில், டிசம்பரில், பற்றாக்குறை 3,480 கோடி டாலர் என்று அவரே அறிவித்தார். அடுத்த மே மாதம் பட்ஜெட் மதிப்பீட்டைத் திருத்தியபோது அது நீங்கள் சொன்ன 3,820 கோடி ஆனது. நவம்பரில் வாக்குக் கேட்டவருக்கு டிசம்பரில்தான் தெரியவந்ததா? சட்டமன்றத்துக்கென இருக்கும் சார்பற்ற நிதி ஆய்வு அலுவலகம் நவம்பர் மாதத்திலேயே 2,100 கோடிக்கு மேல் பற்றாக்குறை வரும் என்று சொல்லியிருந்தது. ஆளுநரின் நிதித்துறைக்கு அதைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது செலவு. 1998-99இல் சுமார் 5,800 கோடி டாலராக இருந்த பொது நிதிச் செலவு 2000-01இல் 7,800 கோடியாக உயர்ந்தது. ஒருமுறை மட்டும் வரக்கூடிய பங்குச்சந்தை வருமானத்தை வைத்து ஆண்டுதோறும் தொடரும் செலவுகளை ஏற்றிக்கொண்டார்கள். வருமானம் ஆடும் என்பது தெரிந்தவர் ஆடாத செலவை ஏன் கூட்ட வேண்டும்? தணிக்கையில் இருந்தவர் நீங்கள், இதற்கு என்ன குறிப்பு எழுதியிருப்பீர்கள்?

பிறகு கார் வரி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அந்தத் தேர்தலைத் தீர்மானித்தது அதுதான் என்பது என் எண்ணம்.

கொள்ளிடத்தான்

எனக்கு அடிப்படையே புரியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கோ நான்கு ஆண்டுகளுக்கோ வென்ற ஒருவரை, ஊழல் குற்றச்சாட்டு கூட இல்லாமல், ஓராண்டுக்குள் நீக்க முடிகிறது என்றால் அதற்கு விதி என்ன? யார் வேண்டுமானாலும் தொடங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசியல் மாணவி

சொல்கிறேன். இந்த விதி 1911இல் வந்தது. அப்போது கலிஃபோர்னியாவின் அரசியலையே சதர்ன் பசிஃபிக் என்ற ரயில்வே நிறுவனம் கையில் வைத்திருந்தது என்று மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்த நிறுவனத்தின் பிடியை உடைப்பேன் என்று சொல்லி 1910இல் ஆளுநராக வென்றவர் ஹைரம் ஜான்சன். 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் மூன்று உரிமைகள் அரசியலமைப்பில் சேர்ந்தன: மக்களே சட்டம் முன்மொழிவது, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மக்கள் வாக்கால் தடுப்பது, தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைப்பது. பெண்களுக்கு வாக்குரிமையும் அதே நாளில்தான் அங்கே கிடைத்தது.

திரும்ப அழைப்பதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 12 விழுக்காட்டுக்குச் சமமான கையொப்பங்களை 160 நாட்களுக்குள் சேர்க்க வேண்டும். அவை குறைந்தது ஐந்து மாவட்டங்களிலிருந்து வர வேண்டும். 2002 தேர்தலில் மக்கள் அதிக ஆர்வம் காட்டவில்லை. அதனால் 12 விழுக்காடு என்பது 8,97,158 கையொப்பங்களாகவே நின்றது. அப்போது மூன்றரைக் கோடிப் பேர் வாழ்ந்த மாநிலத்துக்கு இது மிகக் குறைவு.

மனுவைத் தொடங்கியவர் டெட் காஸ்டா என்ற வரி எதிர்ப்புச் செயற்பாட்டாளர். முதலில் மெதுவாகவே நகர்ந்தது. குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரும் கார் திருட்டு எச்சரிக்கைக் கருவி விற்றுச் செல்வரானவருமான டேரல் இஸ்ஸா, தன் பணத்திலிருந்து 15 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிய பிறகுதான் வேகமெடுத்தது. கடைவாசல்களில் கூலிக்கு ஆள் வைத்துக் கையொப்பம் திரட்டினார்கள். சரிபார்ப்பில் தேறியவை 13 லட்சத்துக்கும் மேல். 2003 ஜூலை 23 அன்று மனு தகுதி பெற்றது. தகுதி பெற்ற 60 முதல் 80 நாட்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது விதி.

ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள். ஒன்று: டேவிஸை நீக்கலாமா, வேண்டாமா? இரண்டு: நீக்கினால் அடுத்து யார்? முதல் கேள்விக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். இரண்டாவதில் எல்லோரையும்விட அதிகம் பெற்றால் போதும். இரண்டாவது பட்டியலில் டேவிஸின் பெயர் இருக்க முடியாது. 49 விழுக்காட்டினர் ஒருவரை ஆதரித்தும் அவர் பதவி இழக்கலாம். அவருடைய இடத்துக்கு 20 விழுக்காடு வாங்கியவர் வரலாம்.

போட்டியிட 3,500 டாலர் கட்டணமும் 65 கையொப்பங்களும் போதுமானதாக இருந்ததால் 135 பேர் நின்றார்கள். நடிகர் கேரி கோல்மேன், ஆபாசப் பத்திரிகை நடத்திய லேரி ஃபிளின்ட் எல்லோரும் பட்டியலில். இஸ்ஸா தானே ஆளுநராகும் எண்ணத்தில் இருந்தவர், ஆகஸ்ட் 6 அன்று ஸ்வார்ஸ்நெகர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் களமிறங்குவதாக அறிவித்ததும் மறுநாளே கண்ணீரோடு விலகினார்.

கொள்ளிடத்தான்

முடிவு எப்படி இருந்தது? நீங்கள் சொன்ன அந்த அநியாயம், குறைந்த வாக்கு வாங்கியவர் வருவது, நடந்ததா?

அரசியல் மாணவி

நடக்கவில்லை. நீக்குவதற்கு ஆதரவு 55.4 விழுக்காடு, எதிர்ப்பு 44.6. ஸ்வார்ஸ்நெகருக்கு 48.6, துணை ஆளுநர் குரூஸ் பஸ்டமான்டேவுக்கு 31.5, குடியரசுக் கட்சியின் டாம் மெக்ளின்டாக்குக்கு 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். டேவிஸை நீக்க வேண்டாம் என்று வந்த வாக்குகள் சுமார் 40 லட்சம். ஸ்வார்ஸ்நெகர் பெற்றவை 42 லட்சம். ஆகவே 2003 முடிவை மக்கள் தீர்ப்பு இல்லை என்று சொல்ல இடமில்லை. விதியில் உள்ள ஓட்டை ஓட்டைதான். அன்றைக்கு அதன் வழியே எதுவும் ஒழுகவில்லை.

மின்பொறியாளர்

மின்சாரத்தைத் தொடாமல் இந்த விவாதத்தை நடத்த முடியாது. மின் விநியோகத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

கலிஃபோர்னியாவில் மின்சந்தையைத் திறந்துவிடும் சட்டம் 1996இல் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் டேவிஸுக்கு முன்பிருந்த ஆளுநர் பீட் வில்சன். அந்தச் சட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். விநியோக நிறுவனங்கள் தங்கள் அனல் மின்நிலையங்களில் பெரும்பாலானவற்றை விற்றுவிட வேண்டும். தேவையான மின்சாரத்தை அன்றாடச் சந்தையில் வாங்க வேண்டும். நீண்டகால ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பாடு. வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணம் மட்டும் உறைந்த நிலையில் இருக்கும். வாங்கும் விலைக்கு வரம்பில்லை, விற்கும் விலை அசையாது. இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த மின்வாரியத்தின் கடைநிலைக் கணக்கரும் ஏற்றிருக்க மாட்டார்.

2000 கோடையில் மொத்த விலை பல மடங்கு ஏறியது. சான் டியேகோவில் கட்டண உறைவு முன்பே நீங்கியிருந்ததால் வீட்டு மின்கட்டணம் இரட்டிப்பாகி அதற்கும் மேலே போனது. 2001 ஜனவரியில் வட கலிஃபோர்னியாவில் சுழற்சி முறை மின்வெட்டு. ஏப்ரலில் மாநிலத்தின் மிகப்பெரிய விநியோக நிறுவனமான பசிஃபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் திவால் மனு கொடுத்தது. விநியோக நிறுவனங்களுக்கு மின்சாரம் விற்க உற்பத்தியாளர்கள் மறுத்துவிடுவார்கள் என்ற நிலையில் மாநில அரசே நீர்வளத்துறை மூலம் மின்சாரம் வாங்கி விநியோகித்தது.

இது பஞ்சத்தால் வந்த விலை மட்டும் அன்று. மின்சாரத்தை வாங்கி விற்ற என்ரான் நிறுவனத்தின் வணிகர்கள் மின்பாதைகளில் செயற்கையாக நெரிசலை உண்டாக்கி, மின்சாரத்தை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய் மீண்டும் உள்ளே விற்று, விலையை ஏற்றிய உத்திகளை விவரிக்கும் குறிப்புகள் 2002 மே மாதம் வெளிவந்தன. விலை வரம்பு கொண்டுவரும்படி டேவிஸ் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் மன்றாடினார். மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் பொருந்தும் கட்டுப்பாட்டை 2001 ஜூன் மாதம்தான் ஆணையம் கொண்டுவந்தது. அதற்குள் வீடு எரிந்து முடிந்துவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் மின்வெட்டே இல்லை. அங்கே விநியோகம் நகராட்சியின் சொந்தத் துறை. அது தன் மின்நிலையங்களை விற்கவில்லை. இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

டேவிஸ் மீது எனக்கும் ஒரு குறை உண்டு. கட்டணத்தை உயர்த்த வேண்டிய நேரத்தில் மாதக்கணக்கில் தயங்கினார். பிறகு அவசரத்தில், விலை உச்சத்தில் இருந்தபோது, 4,000 கோடி டாலருக்கு மேற்பட்ட நீண்டகால ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். சில மாதங்களில் சந்தை விலை விழுந்துவிட்டது.

தணிக்கையாளன்

மின்பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மின்சாரம் வாங்கப் பொது நிதியிலிருந்து எடுத்த சுமார் 600 கோடி டாலர், பின்னர் கடன் பத்திரம் வெளியிட்டுத் திருப்பிக் கட்டப்பட்டது. அந்தப் பத்திரங்களை மின்நுகர்வோர் கட்டணம் வழியாக அடைத்தார்கள். பட்ஜெட் பற்றாக்குறைக்கும் மின்சாரத்துக்கும் கணக்கில் நேரடித் தொடர்பு குறைவு. மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இனி சான்ஹோசேக்காரருக்கு. செலவு கூடியது உண்மை. தணிக்கைக் குறிப்பில் கடுமையாகவே எழுதியிருப்பேன். ஆனால் அந்தச் செலவில் எவ்வளவு ஆளுநர் கையில் இருந்தது? 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 98ஆம் முன்மொழிவு, பொது நிதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஒதுக்கி வைக்கிறது. வருமானம் உயரும்போது பள்ளிகளுக்கான தொகையும் உயரும். விழும்போது அதே வேகத்தில் இறங்காது.

வரவுப் பக்கம் 1978இன் 13ஆம் முன்மொழிவு. சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. வீடு கைமாறாத வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. எந்த அரசுக்கும் சொத்து வரிதான் ஆடாத வருமானம். அதைக் கட்டிப்போட்டதால் மாநிலம் ஆடும் வருமானத்தின் மேல் சாய்ந்தது. மாநில வரி எதையும் உயர்த்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியும் அதே முன்மொழிவில்தான் வந்தது. பட்ஜெட்டை நிறைவேற்றவும் மூன்றில் இரண்டு பங்கு. அந்த விதி 1933 முதல் இருந்தது. அப்போது அமெரிக்காவில் இப்படி மிகச் சில மாநிலங்களே இருந்தன.

2003இல் ஜனநாயகக் கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தது. மூன்றில் இரண்டு இல்லை. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் ஜிம் புரூல்ட்டே, தன் கட்சியில் யார் வரி உயர்வுக்கு வாக்களித்தாலும் அடுத்த தேர்தலில் அவருக்கு எதிராகத் தானே வேலை செய்வதாக வெளிப்படையாக எச்சரித்தார். ஜூலை முதல் நாள் தொடங்க வேண்டிய நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் டேவிஸ் ஆகஸ்ட் 2 அன்றுதான் கையெழுத்திட முடிந்தது. அதிலும் பெரும்பகுதி கடனும் தள்ளிப்போடலும். இடையே ஜூலை இறுதியில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் மாநிலத்தின் கடன் மதிப்பீட்டை மூன்று படி இறக்கியது. அமெரிக்க மாநிலங்களிலேயே கடைசி இடம்.

ஓர் ஆளுநர் வரவை உயர்த்த முடியாது, செலவில் பாதிக்குமேல் தொட முடியாது, பட்ஜெட்டைத் தன் கட்சியின் பெரும்பான்மையால் நிறைவேற்றவும் முடியாது. பழி மட்டும் முழுவதும் அவருக்கு. இதைத்தான் அநீதி என்றேன்.

சான்ஹோசேக்காரர்

கைகள் கட்டப்பட்டிருந்தன என்றால், அதை மக்களிடம் சொல்லித் தேர்தலில் நின்றிருக்க வேண்டும். அவர் செய்தது என்ன? 2002இல் எதிர்க்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் போய்த் தலையிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் மேயர் ரிச்சர்ட் ரியர்டன் நடுநிலையாளர், டேவிஸைத் தோற்கடிக்கக்கூடியவர் என்று கணிப்புகள் சொல்லின. டேவிஸ் தரப்பு அவரைத் தாக்கி விளம்பரங்களுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவிட்டது. குடியரசுக் கட்சியினர் பில் சைமனைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுபவமில்லாத அவரைக்கூட டேவிஸால் 47க்கு 42 என்ற கணக்கில்தான் வெல்ல முடிந்தது. மக்கள் விரும்பிய தெரிவை முன்கூட்டியே பறித்துவிட்டு வந்த வெற்றி அது. அடுத்த ஆண்டு கையொப்பம் போட வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர், தங்களுக்கு நவம்பரில் உண்மையான தேர்தலே நடக்கவில்லை என்று உணர்ந்தவர்கள்.

இன்னொன்று. தேர்தல் நன்கொடையில் அவர் தயக்கமே காட்டாதவர். சிறைக் காவலர் சங்கம் அவருக்குப் பெரும் தொகை கொடுத்தது. அவர் ஆட்சியில் அந்தச் சங்கத்துக்குத் தாராளமான ஊதிய ஒப்பந்தம் கிடைத்தது. பணம் இல்லாத ஆண்டில் இதைப் பார்த்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என்ன தோன்றும்? கல்லூரிக் கட்டணம் உயர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது.

இனி கார் வரி. வாகனத்தின் மதிப்பில் 2 விழுக்காடு கட்டுவது பழைய முறை. நல்ல நாட்களில், 1998 முதல் படிப்படியாகக் குறைத்து 0.65 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பணம் நகராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் உரியது என்பதால், குறைந்த தொகையை மாநிலமே ஈடு செய்தது. 2003 ஜூனில், மாநிலத்திடம் பணம் இல்லை என்று சொல்லி, பழைய விகிதத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். 15,000 டாலர் மதிப்புள்ள காருக்கு 98 டாலர் கட்டியவர் 300 டாலர் கட்ட வேண்டும். அங்கே கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பழைய கார்கள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப்பாருங்கள். பங்குச்சந்தைச் சரிவு என்பது செய்தி. கார் வரி என்பது வீட்டுக்கு வரும் தாள். இந்தக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 1, தேர்தலுக்கு ஆறு நாட்கள் முன்பு.

முல்லைக்கொடி

சான்ஹோசேக்காரர் சொன்ன கார் வரியின் அடுத்த கதையை நான் சொல்கிறேன். ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

ஸ்வார்ஸ்நெகர் 2003 நவம்பர் 17 அன்று பதவியேற்றார். அன்றே கார் வரி உயர்வை ரத்து செய்து ஆணையிட்டார். மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் உள்ளாட்சிகளுக்கான ஈட்டுத் தொகை மீண்டும் மாநிலத்தின் தலையில் விழுந்தது. ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர். பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கி, வந்தவரின் முதல் நாள் வேலையாகப் பற்றாக்குறையைக் கூட்டியிருக்கிறார்கள்!

அதன்பின் 2004 மார்ச்சில் 57ஆம் முன்மொழிவு: பழைய பற்றாக்குறையை அடைக்க 1,500 கோடி டாலர் கடன் பத்திரம். மக்கள் ஏற்றார்கள். கடன் வாங்கி அன்றாடச் செலவைச் சமாளித்தார் என்பதுதான் டேவிஸ் மீதான குற்றச்சாட்டு. 2005இல் சிறப்புத் தேர்தல் வைத்துச் செலவுக் கட்டுப்பாடு உட்பட நான்கு சீர்திருத்தங்களை ஸ்வார்ஸ்நெகர் மக்கள் முன் வைத்தார். நான்கும் தோற்றன. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கலிஃபோர்னியாவின் வருமானம் மறுபடியும் அதே வழியில், அதே காரணத்தால் விழுந்தது. 2009 ஜூலையில் கஜானாவில் பணமில்லாமல், மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங் காசோலைக்குப் பதிலாகப் பிறகு தருகிறோம் என்ற உறுதிச் சீட்டுகளைக் கொடுக்க நேர்ந்தது. வரித் திருப்பத் தொகைக்குக் காத்திருந்தவர்களுக்கும் அரசுக்குப் பொருள் கொடுத்த சிறு வணிகர்களுக்கும் அந்தச் சீட்டுதான் கிடைத்தது. அரசு ஊழியர்களுக்கு மாதத்தில் மூன்று நாள் ஊதியமில்லா விடுப்பு.

2011 ஜனவரியில் அடுத்த ஆளுநர் ஜெரி பிரவுன் பொறுப்பேற்றபோது பற்றாக்குறை 2,500 கோடி டாலருக்கு மேல். இந்த பிரவுன் 1970களில் ஆளுநராக இருந்தபோது அவருடைய அலுவலகத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கிரே டேவிஸ்தான்.

ஸ்வார்ஸ்நெகரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சுற்றுச்சூழல் சட்டங்களில் அவர் செய்தவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் பணத்தைப் பொறுத்தவரை, ஏழு ஆண்டுகள் கழித்து மாநிலம் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

கொள்ளிடத்தான்

இவ்வளவும் படித்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நம் நாட்டில் இப்படி ஓர் உரிமை இருந்தால் நல்லது என்றுதான் நான் எப்போதும் எண்ணி வந்திருக்கிறேன். ஜெயப்பிரகாஷ் நாராயணனே 1974 இயக்கத்தில் இதைக் கேட்டார் அல்லவா? வாக்குப் போட்டுவிட்டு ஐந்தாண்டுகள் கைகட்டி நிற்பதைவிட இது மேலானதுதானே?

அரசியல் மாணவி

உள்ளாட்சி அளவில் இந்தியாவில் இது இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களை மக்கள் வாக்கால் நீக்கியிருக்கிறார்கள். காலி நாற்காலி, ஆள் அமர்ந்த நாற்காலி என்று இரண்டு சின்னங்கள். நீக்க விரும்புபவர் காலி நாற்காலிக்கு வாக்களிப்பார். ஆனால் அங்கே மனுவைத் தொடங்குவது மக்கள் இல்லை, மன்ற உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர்.

முதலமைச்சர் அளவில் நமக்கு வேறு வழி இருக்கிறது. சட்டமன்றத்தின் நம்பிக்கையை இழந்தால் அவர் போக வேண்டும். அமெரிக்க ஆளுநருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால், பணம் படைத்த ஒருவர் கூலிக்குக் கையொப்பம் திரட்டி எந்த ஆட்சியையும் ஆட்டிப்படைக்க முடியும். இஸ்ஸா செலவிட்டதைப் போலப் பத்து மடங்கு செலவிட நம் ஊரில் ஆள் இல்லையா? எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் இது அரிதுதான். டேவிஸுக்கு முன் நீக்கப்பட்ட ஒரே மாநில ஆளுநர், 1921இல் வடக்கு டகோட்டாவின் லின் ஃபிரேசியர். விவசாயிகளுக்காக மாநிலமே வங்கியும் மாவு ஆலையும் நடத்த வேண்டும் என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர். நீக்கிய மறு ஆண்டே அதே மக்கள் அவரை அமெரிக்க செனட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாநில வங்கி இன்றும் இயங்குகிறது. 2012இல் விஸ்கான்சினில் ஸ்காட் வாக்கரும், 2021இல் அதே கலிஃபோர்னியாவில் கேவின் நியூசமும் தப்பினார்கள். நியூசமுக்கு எதிரான தேர்தல் நடந்த ஆண்டு மாநிலத்தில் பெரும் உபரி. மக்களுக்கு அரசு காசோலை அனுப்பிக்கொண்டிருந்தது. 61.9 விழுக்காட்டினர் அவரை நீக்க வேண்டாம் என்றார்கள்.

மின்பொறியாளர்

பங்குச்சந்தை ஏறினால் ஆளுநர் தப்புவார், இறங்கினால் போவார் என்றால், அங்கே வாக்காளர்கள் அளந்தது ஆளுநரின் திறமையை அன்று.

சான்ஹோசேக்காரர்

அப்படி முழுவதும் சொல்லிவிட முடியாது, ஐயா. 2009இல் நிலைமை 2003ஐவிட மோசம். ஆனாலும் ஸ்வார்ஸ்நெகரை நீக்கும் தேர்தல் நடக்கவில்லை. ஏன்? நிலைமையை அவர் மறைக்கவில்லை. கசப்பான செய்தியை நேராகவே சொன்னார். டேவிஸ் மீது இருந்தது நம்பிக்கையின்மை. பற்றாக்குறையை மன்னித்த மக்கள் மறைத்ததை மன்னிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

தணிக்கையாளன்

நீங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதால் ஒன்றைக் கேட்கிறேன். டேவிஸை நீக்கிய ஐந்தே மாதங்களில், 2004 மார்ச் 2 அன்று, 56ஆம் முன்மொழிவு வந்தது. பட்ஜெட்டுக்கும் அதைச் சார்ந்த வரிகளுக்கும் தேவைப்படும் மூன்றில் இரண்டு பங்கை 55 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்பது அது. அமைப்பின் கோளாறைச் சரிசெய்ய மக்கள் கையிலேயே கொடுக்கப்பட்ட வாய்ப்பு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அதை நிராகரித்தார்கள். அதே நாளில், அதே சீட்டில், 1,500 கோடி டாலர் கடனுக்குச் சம்மதம் சொன்னார்கள். ஆளுநர் கடன் வாங்கியதற்காகத் தண்டித்தவர்கள், தாங்களே கடனைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை எப்படி விளக்குவீர்கள்?

சான்ஹோசேக்காரர்

விளக்க முடியும். நீங்களே சொன்னபடி 56ஆம் முன்மொழிவு பட்ஜெட்டையும் வரியையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. பட்ஜெட் நேரத்துக்கு நிறைவேற வேண்டும் என்று விரும்பியவருக்கும் வரி உயர்த்துவதை எளிதாக்க விருப்பமில்லை. நல்ல நாளில் செலவைக் கூட்டி, கெட்ட நாளில் கார் வரியை மும்மடங்காக்கிய அதே மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிடம் இன்னும் அதிகாரம் கொடுக்க வேண்டுமா என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

இரண்டையும் பிரித்துக் கேட்டபோது பதில் மாறியது. 2010 நவம்பரில் 25ஆம் முன்மொழிவு: பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும், ஜூன் 15க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் உறுப்பினர்களுக்கு அந்த நாட்களின் சம்பளம் கிடையாது. 55 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 2012இல் ஜெரி பிரவுன் காலவரம்போடு வரி உயர்வு கேட்டார். கொடுக்காவிட்டால் பள்ளிகளுக்கு எவ்வளவு வெட்டு விழும் என்பதையும் முன்னதாகவே சொன்னார். அதையும் மக்கள் ஏற்றார்கள். டேவிஸுக்கு மறுத்ததை அவருடைய பழைய தலைவருக்குக் கொடுத்தார்கள்.

தணிக்கையாளன்

2012க்கான உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் 25ஆம் முன்மொழிவுக்கும் 2003 நீக்கத்துக்கும் நடுவே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளின் வட்டியையும், உறுதிச் சீட்டு வாங்கிய சிறு வணிகர்களின் இழப்பையும் யார் கணக்கில் எழுதுவது? 2003இலேயே ஆளைப் பற்றிய கேள்வியோடு விதியைப் பற்றிய கேள்வியும் வாக்குச்சீட்டில் இருந்திருக்க வேண்டும். அன்றைய சீட்டில் இருந்த 53ஆம் முன்மொழிவு கட்டுமானப் பணிகளுக்கென்று பொது நிதியில் இன்னொரு பங்கைப் பூட்டி வைக்கச் சொன்னது. மக்கள் அதைத் தோற்கடித்தது நல்ல காரியம்.

முல்லைக்கொடி

25ஆம் முன்மொழிவின் அந்தச் சம்பள விதி வெறும் எழுத்தாக நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். 2011 ஜூனில் சட்டமன்றம் கெடுவுக்குள் ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றியது. பிரவுன், தன் கட்சியினர் அனுப்பியது என்றும் பாராமல், அதை நிராகரித்தார். வரவும் செலவும் பொருந்தவில்லை என்று சொல்லி ஜான் சியாங் உறுப்பினர்களின் சம்பளத்தை நிறுத்தினார். பின்னர் நீதிமன்றம், அப்படி முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஜூன் மாதம் முடிவதற்குள் திருத்திய பட்ஜெட் நிறைவேறி, நிதியாண்டு தொடங்கும் முன்பே பிரவுன் கையெழுத்திட்டுவிட்டார்.